வீடு போனது, ஏடு பிழைத்தது

சென்னை திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டது. ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர் குடியிருந்த வீடு அது. கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903-இல் மாநிலக் கல்லூரிக்கு வந்தவர், தம் சென்னை வாழ்வின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். பரிபாடல் (1918), பெருங்கதை (1924), குறுந்தொகை (1937) எல்லாம் அவர் சென்னைக்கு வந்தபின் அச்சேறியவை. தாகூரே தேடி வந்த வீடு. ஆனால் சாமிநாதையரின் ஏடுகளுக்கு வீட்டின் கதி நேரவில்லை. 1942-இல் போர் அச்சத்தால் சென்னை காலியானபோது அவர் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் சென்று, அங்கேயே ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரில் நூல் நிலையம் தொடங்கியது. மகன் கல்யாணசுந்தரையர் தந்தையின் சுவடிகளையும் நூல்களையும் அதற்கு ஒப்படைத்தார்.

ஏடுகள் பிழைத்துவிட்டன, செங்கல்லும் சுண்ணாம்பும் போனால் என்ன என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் நானும் ஏட்டின் பக்கமே நிற்பேன். ஆனால் பதிப்பாசிரியரின் வீடு வெறும் குடியிருப்பு அல்ல, அது ஒரு பட்டறை. ஒரே நூலின் பல பிரதிகளை விரித்து வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறிக்க வேண்டும். ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஏகாரத்தையும் எகரத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. செல்லரித்த இடத்தில் சொல்லே இருக்காது. இத்தனையையும் கடந்துதான் ஓலை அச்சுக்கு வந்தது. அந்த உழைப்பை, முடிந்த புத்தகம் நமக்குக் காட்டுவதில்லை. அது நடந்த கூடம் காட்டியிருக்கும். அதே சமயம், மாலையிட்ட படம், ஒரு நாற்காலி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி என்று நின்றுவிடும் நினைவில்லமும் அதைக் காட்டாது. (நம் நினைவில்லங்கள் பலவும் இந்த மூன்றோடு திருப்தி அடைந்துவிடுகின்றன.) எழுத்தாளரின் வீட்டுக்கு உயிர் கொடுப்பது அவர் உட்கார்ந்த நாற்காலி அல்ல, அங்கே உட்கார்ந்து நாம் படிக்கக் கிடைக்கும் நூல். அருங்காட்சியகமும் நூலகமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பழைய தெருவீட்டில் ஓலைச்சுவடிகளை வைப்பது ஆபத்து என்பது நியாயமான மறுப்பு. கரையானும் ஈரமும் எந்தப் புலவருக்கும் இரங்குவதில்லை. ஆனால் மூலச்சுவடி வீட்டுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. அது பாதுகாப்பான நூல் நிலையத்திலேயே இருக்கட்டும். வீட்டில் படியெடுத்த ஏடுகளும், அவற்றின் அருகே அவர் பதிப்பித்த நூல்களும், அவற்றைப் புரட்டிப் பார்க்க ஒரு மேசையும் போதும். தனியார் சொத்தில் பிறர் எப்படித் தலையிடுவது என்ற கேள்வி இன்னும் கனமானது. வீட்டை விற்கவும் இடிக்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. பழம்பெருமையைச் சொல்லி அவரை நஷ்டப்படுத்துவது முறையல்ல. அதனால்தான், இடிக்கும் ஆள் வருமுன் அரசு உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும் என்கிறேன். முடியாத காரியமல்ல. அதே திருவல்லிக்கேணியில், பாரதி தம் கடைசிக் காலத்தில் வாடகைக்கு இருந்த வீட்டை அரசு நினைவில்லம் ஆக்கியிருக்கிறது. அவர் அங்கே இருந்தது சிறிது காலம்தான். பல ஆண்டுகள் உழைத்த பதிப்பாசிரியரின் வீட்டுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கவிஞருக்கு உள்ள புகழ் பதிப்பாசிரியருக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா எழுத்தாளர் வீட்டையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். பணி நடந்த இடமா, அந்தப் பணியின் நூல்களை அங்கே வாசகர் கையில் தர முடியுமா என்ற இரண்டு கேள்விகள் போதும். தியாகராஜ விலாசம் இரண்டிலும் தேறியிருக்கும். சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவில்லம் இருக்கிறது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சா. நூல் நிலையத்துக்குப் போகலாம்.