தழும்பும் தளிரும் – 9
காட்டை விட்டுப் போகாத சிறுமி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பேருந்து, கல்லாற்றைத் தாண்டிய பிறகுதான் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, மீன்முட்டி அருவிக்குப் போகும் பாதை, சாலையோரத் தேநீர்க் கடை. சுற்றுலா வருகிறவர்களுக்குக் கல்லாறு இவ்வளவுதான். காட்டுக்குள் இருக்கும் மொட்டமூடு குடியிருப்பு அவர்கள் கண்ணில் படாது. கேரளம் ‘வனமுத்தச்சி’ (காட்டுப் பாட்டி) என்று அழைக்கும் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் அது.

சென்ற வாரங்களில் பார்த்த நினைவுக் குறிப்புகளில் ஒரு பொதுத்தடம் உண்டு. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வில் இளையான்குடிப் பக்கத்துச் சிறுவன் படிப்பைப் பற்றிக்கொண்டு சேரியிலிருந்து மேலேறி வருகிறான். ‘கருக்கு’ எழுதிய பாமா ஊரைவிட்டுக் கன்னியர் மடத்துக்குப் போய், அதையும் விட்டு வெளியே வந்த பிறகே பேனாவை எடுத்தார். பட்ட இடத்தை விட்டு விலகினால்தான் பட்டதைச் சொல்ல முடியும் என்று நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம். லட்சுமிக்குட்டியின் கதை அந்தத் தடத்தில் போகவில்லை.

அவர் காணிக்காரர் சமூகத்தில் பிறந்தவர். அகத்தியமலையின் இருபுறமும் வாழும் இந்த மக்கள் நமக்கும் அந்நியர் அல்லர். பேச்சிப்பாறை, பாபநாசம் மலைகளிலும் காணிகள் உண்டு. 1950களில் அந்தக் காட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பழங்குடிச் சிறுமி இவர்தான் என்று சொல்கிறார்கள். தினமும் பத்து கிலோமீட்டர் நடை. யானை இறங்கும் வழி, மழைக்காலத்தில் பெருகும் ஆறு. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை. படிப்பும் அங்கேயே நின்றது. பதினாறு வயதில் மாத்தன் காணியோடு திருமணம்.

வேறொரு நினைவுக் குறிப்பில் இது கதவு சாத்தப்படும் அத்தியாயமாக இருந்திருக்கும். இவருக்கு இன்னொரு பள்ளி வீட்டிலேயே இருந்தது. அம்மா அந்தக் குடியிருப்பின் மருத்துவச்சி. எந்த இலையை எப்போது பறிப்பது, எந்த வேரை எதோடு சேர்ப்பது என்பதெல்லாம் அம்மாவிடமும் பெரியவர்களிடமும் கேட்டுக்கேட்டு மனத்தில் ஏறியவை. ஏறத்தாழ 500 மருந்துகளை ஏட்டைப் பார்க்காமல் செய்வார் என்பதே பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த புகழ். விஷக்கடிக்கு மருந்து தேடி வெளியூர்களிலிருந்தும் மக்கள் காடேறி வந்தார்கள்.

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சிதைவு என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளாகியிருந்தனர். அவர்களிடம் அவர் கண்ட பொதுக்கூறுகளில் முக்கியமானது, நம்பிச் சாய்ந்துகொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. லட்சுமிக்குட்டிக்கு அப்படி ஒரு தாயும், தாய்க்குப் பின்னால் தலைமுறைகளின் அறிவும் இருந்தன.

அந்த அறிவின் விலை வெளியுலகத்துக்குத் தாமதமாகவே தெரிந்தது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏற்றத்தில் களைத்துப்போக, வழிகாட்டி வந்த காணிகள் ஏதோ ஒரு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து, பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா உருவாக்கிய ‘ஜீவனி’ மருந்தின் உரிமம் 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடானது. ஏழ்மையின் அடையாளம் என்று ஊரார் நினைத்த காட்டுத் தீனிக்குள் ஒரு மருந்து இருந்திருக்கிறது.

1995இல் கேரள அரசு லட்சுமிக்குட்டிக்கு ‘நாட்டு வைத்திய ரத்னா’ விருது கொடுத்தது. 2018இல் பத்மஸ்ரீ. அதே ஆண்டு ஜனவரியில் பிரதமரின் ‘மன் கி பாத்’ உரையிலும் அவர் பெயர் வந்தது. பனையோலை வேய்ந்த குடிசையில் வாழ்கிறார் என்ற செய்தியும் அந்தப் பாராட்டில் இருந்தது.

அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அவர் குடியிருப்புக்கு 1952இலேயே சாலை அனுமதிக்கப்பட்டதாகவும், விருது வந்த ஆண்டிலும் அது முழுமையாகவில்லை என்றும் செய்திகள் வந்தன. அவருடைய மகன் ஒருவரைக் காட்டு யானை கொன்றது. நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேரச் சாலை இல்லாதது அந்த வீட்டின் துயரம். 500 மருந்து தெரிந்த தாய்க்கும் சாலை வேண்டும். பாம்பு கடித்தவருக்கும் விஷமுறிவு ஊசி இருக்கும் இடத்துக்குப் போக வண்டி வேண்டும்.

துன்பத்தைத் தாங்கிய பிள்ளைகளை ‘என்ன மனத்திடம்!’ என்று நாம் வியக்கிறோம். வியக்கலாம். ஆனால் பத்து கிலோமீட்டர் நடந்த சிறுமியைக் கொண்டாடும்போது, அவளை அவ்வளவு தூரம் நடக்கவைத்தது யார் என்ற கேள்வி கைதட்டலில் அமுங்கிப்போகிறது. அவர் உறுதி அவருடையது, அவர் அம்மாவுடையது, அந்தக் காட்டினுடையது. சாலை மட்டும் அரசின் கடன். எழுபது ஆண்டு பழைய அந்தக் கடனைப் பத்மஸ்ரீயில் கழித்துக்கொள்ள முடியாது.

அடுத்த வாரம் வயநாட்டுக்குப் போவோம். சிறுவயதில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டு, எழுத்தறிவு இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்று, 2003இல் முத்தங்கா நிலப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற சி.கே. ஜானு தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)