காரின் முதுகில் கவிழ்த்த சிறகு

தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் கூரைத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் கிடக்கும். பலத்த காற்று கூரைமேல் விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று தகரத்தை மேலே தள்ளுகிறது. கல்தான் அதை அமுக்கிப் பிடிக்கிறது.

விரைந்தோடும் காருக்கும் இதே கதிதான். கூரை வளைவில் காற்று வழுக்கி ஓட, பின்பக்கம் இலேசாகி டயரின் பிடி தளர்கிறது. கல் ஏற்றினால் பிடி கூடும். ஆனால் வளைவில் அந்தப் பாரமே காரை வெளியே இழுத்துவிடும். காற்றையே பாரமாக்கியது அருமையான யோசனை.

அந்த வேலையைச் செய்யும் ஸ்பொய்லரும் இறக்கையும் ஒன்றல்ல. ஸ்பொய்லர், காரின் உடலோடு ஒட்டிய மேடு. 1972இல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் எஞ்சின் மூடியில், வாத்தின் வால்போல் நிமிர்ந்திருந்தது அதுதான். வழுக்கி வரும் காற்றை மறித்து மூடியின் மேல் அழுத்தத்தைக் கூட்டும். இறக்கையோ கால்களில் உயர்ந்து நிற்கும். விமானச் சிறகைக் கவிழ்த்து வைத்தது போல. காற்றை மேலே திருப்பிவிட்டுத் தான் கீழே அமுங்கும்.

சிறு மேடுதானே என்று விட முடியாது. அழகிய வளைவுகளோடு 1998இல் வந்த அவுடி டிடி, ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் தடுமாறி உயிர்களைப் பலிகொண்டது. விற்ற கார்களைத் திருப்பி அழைத்துச் செய்த திருத்தங்களில் ஒன்று, பின்மூடியில் பொருத்திய சிறிய ஸ்பொய்லர்.

வேகம் இரட்டித்தால் காற்று தரும் இந்த அமுக்கம் நான்கு மடங்காகும். 160 கிலோமீற்றர் வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 40இல் கிடைக்கும். எல்லயிலிருந்து பதுளைக்கு வளைந்து இறங்கும் வீதியில் இறக்கை அழகுக்கு மட்டுமே.

உயரமும் கணக்கில் வரும். மோட்டார் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில், கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்கமும் அவ்வளவு குறையும். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயமோ 4,302 மீற்றர் உயரத்தில் முடிகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் 2013இல் செபஸ்தியான் லோப் அங்கே ஓட்டிய சின்னஞ்சிறு பெஜோ 208இன் முதுகில், லெ மான்ஸ் பந்தயக் காரான 908இன் பெரிய இறக்கையைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். 8 நிமிடம் 13.878 விநாடியில் அவர் உச்சியைத் தொட்டார்.