சபுராளிகளே, உஷார்! ஏ.டி.எம். மெஷினில் கரையும் காசு
வெளிநாடு போகிறவருக்கு எந்த பாங்கி கணக்கு லாபம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஆலங்குடி, பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"மாப்பிள்ளை எங்கே?"

"சிங்கப்பூர்ல!"

"தம்பி?"

"துபாய்ல!"

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அலையாய் அலைகிறார்கள். பாங்கி கணக்கை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அங்கேதான் காசு ஒழுகுகிறது!

ஊர் கார்டு

ஊர் கணக்கின் ஏ.டி.எம். கார்டை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பலர் விமானம் ஏறுகிறார்கள். அங்கே மெஷினில் செருகினால் பணம் வரும். கூடவே செலவும் வரும்.

எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டணம். நாணயம் மாற்ற இன்னொரு கட்டணம். அந்த நாட்டு பாங்கியும் தன் பங்கைக் கேட்கலாம். மாற்றுக் கூலி 100-க்கு 3 ரூபாய் என்றே வையுங்கள். 10 ஆயிரம் எடுத்தால் 300 ரூபாய் போச்சு!

"ரூபாயில் கணக்குப் போடவா, வெள்ளியில் போடவா?" என்று சில மெஷின் கேட்கும். வெள்ளி என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை மெஷின்காரரே வைப்பார். அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

3 கணக்கு

அங்கே கைச்செலவுக்கு, சம்பளம் விழும் அந்த நாட்டு கணக்கு. அதே பாங்கியின் மெஷினில் எடுங்கள்.

ஊருக்கு அனுப்பும் சேமிப்புக்கு 'என்.ஆர்.இ.' கணக்கு. இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. பணத்தை மறுபடி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் தடை இல்லை.

வீட்டு வாடகை, கடை வாடகை போன்ற உள்ளூர் வரவுக்கு 'என்.ஆர்.ஓ.' கணக்கு. இதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்சும் பிடிப்பார்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்பு கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. 'என்.ஆர்.ஓ.'வாக மாற்ற வேண்டும். இது சட்டம்!

வீட்டம்மா கையில்

கார்டையும் ரகசிய எண்ணையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாங்கி விதிப்படி இது தப்பு. தகராறு வந்தால் பதில் சொல்ல முடியாது.

மாதச் செலவை மனைவியின் சொந்த கணக்குக்கே அனுப்புங்கள். மிச்சத்தை 'என்.ஆர்.இ.'யில் போடுங்கள்.

உங்கள் கடைத்தெருவில் மெஷின் உள்ள பாங்கியைப் பாருங்கள். இலவச தடவைகள் தீர்ந்தபின் எடுத்தால், 2025 மே 1 முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை கட்டணம். வரி தனி!

செட்டியார் பாங்கி

கடல் கடந்த வியாபாரத்துக்கென்றே பாங்கி தொடங்கியவர் நம் பக்கத்து செட்டிநாட்டுக்காரர். 1937 பிப்ரவரி 10-ந் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய 3 ஊர்களிலும் தொடங்கினார்.

இப்போது பணம் செல்போனிலேயே வருகிறது. சிங்கப்பூரின் 'பேநவ்' நமது யு.பி.ஐ.யுடன் 2023 பிப்ரவரி 21-ல் இணைந்தது. முதலில் சேர்ந்த பாங்கிகளில் ஸ்டேட் பாங்கி, இந்தியன் பாங்கி, இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி ஆகியவையும் உண்டு. தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள்.

"கமிஷனே இல்லை" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். வெள்ளிக்கு 50 காசு குறைத்துக் கொடுத்தால், 500 வெள்ளி அனுப்புகிறவருக்கு 250 ரூபாய் நஷ்டம்!

உண்டியல்

"ரேட் கூட, சார்ஜ் இல்லை" என்று உண்டியல்காரர் ஆசை காட்டுவார். ரசீது கிடையாது. பணம் வராவிட்டால் யாரிடம் போய் கேட்பது? அன்னியச் செலாவணி சட்டப்படி, சிக்கிய தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதம் விழலாம்.

கேளுங்கள்

விமானம் ஏறுமுன் பாங்கி மானேஜரிடம் இந்த 4 கேள்வி கேளுங்கள்:

* குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? (கனரா பாங்கி 2025 ஜூன் 1 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் சேமிப்பு கணக்குக்கும் இந்த அபராதத்தை நீக்கியது.)

* வெளிநாட்டு மெஷினில் எடுத்தால் மொத்தம் எவ்வளவு பிடிப்பீர்கள்?

* வெளிநாட்டு போன் நம்பருக்கு ஓ.டி.பி. வருமா? (ஊர் சிம் செத்துப்போனால் கணக்கே பூட்டிக்கொள்ளும்!)

* வீட்டில் உள்ளவர் உள்ளூர் செலவுக்குப் பணம் எடுக்க அதிகாரக் கடிதம் தருவீர்களா?

பதிலை எழுதி வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.