பனிக்காலம் வந்தாச்சு! நாயை உலவ அழைத்துப் போங்கள்!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?

அது இரவும் பகலும் சங்கிலியிலேயே கிடக்கிறதா?

அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பொதட்டூர்பேட்டை. நெசவாளர்கள் நிறைந்த ஊர். இந்த வட்டாரத்து வெயில் பெயர் போனது. கோடையில், வெயில் கொளுத்திய ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரி செல்சியசையும் தாண்டிவிடும். அப்போது தார் ரோட்டில் கால் வைத்தால் நாயின் பாதம் வெந்துவிடும்.

கார்த்திகை, மார்கழி, தை. இந்த மூன்று மாதமும்தான் நாய்க்கு நல்ல காலம்.

நாய்க்கு வேர்க்காதா?

நமக்கு உடம்பு எல்லாம் வேர்க்கிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வேர்க்கும். அதனால்தான் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. உடம்பின் சூடு மூச்சு வழியாக வெளியே போகிறது.

நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே நம்மைவிட அதிகம். 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். கடும் வெயிலில் ஓடவிட்டால் சூடு தலைக்கேறிச் சுருண்டு விழும். உயிரே போய்விடலாம். பனிக்காலத்தில் அதே நாய் அதே தூரத்தைத் துள்ளிக்கொண்டு ஓடும்!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் தமிழ்நாட்டு நாய்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பேர் பெற்றவை. ராஜபாளையம் நாயின் படத்துடன் 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் துறை தபால் தலையே வெளியிட்டது.

அத்தகைய நாயை நாலு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? வெளியுலகம் அதற்குத் தெரியாமலே போகும். தெரியாத முகம் எல்லாம் அதற்குப் பகை முகம்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கண்டாலும் பாயும். தினமும் உலவி, நாலு பேரைப் பார்த்துப் பழகிய நாய் சாதுவாக இருக்கும்.

எப்போது போவது?

பொழுது விடிந்த பிறகு புறப்படுங்கள். மூடுபனியில் வண்டி ஓட்டுகிறவருக்கு நாயும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள்.

வயதான நாய்க்குக் குளிரில் மூட்டு பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறிய பின் மெதுவாக நடத்திச் செல்லுங்கள். குட்டிக்குக் குளிர் தாங்காது. படுக்க ஒரு பழைய சாக்கு போடுங்கள்.

வாரை விடாதீர்கள்!

கழுத்துப் பட்டையும் வாரும் இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால், நாய்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்!

தெருவில் பாவு விரித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு பாய்ச்சல் போதும், ஒரு நெசவாளியின் உழைப்பு பாழாகிவிடும். மார்கழிக் கோலத்தை மிதிக்க விடாதீர்கள். நாய் அசிங்கம் செய்தால் காகிதத்தில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். அக்கம்பக்கத்தார் உங்களை வாழ்த்துவார்கள்.

மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில் தெரு நாய்கள் குட்டி போடுவது அதிகம். குட்டியோடு இருக்கும் தாய் நாய் யாரையும் நம்பாது. உங்கள் நாயைக் கண்டால் சீறி வரும். ஓடாதீர்கள். சத்தம் போடாதீர்கள். வாரைச் சுருக்கிப் பிடித்து, மெதுவாக வேறு வழியில் திரும்பிவிடுங்கள்.

போகியன்று காலையில் உலவல் வேண்டாம். பிள்ளைகள் மேளம் அடிப்பார்கள். புகை மண்டும். மிரண்ட நாய் வாரை அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஊசி போட்டாச்சா?

உலவப் புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99, நாய் மூலமாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால், வராமல் தடுக்கலாம்! 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்திக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907-ம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கியது.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. அதன்பின் கால்நடை டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போட வேண்டும்.

யாரையாவது நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளர்த்த நாய் கடித்தாலும் இதுதான் முறை.

ஊசி போட்டாச்சு, வாரும் கையில் இருக்கிறது என்றால் இனி என்ன தயக்கம்? காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது!