செம்மணல் தேரிக்கு ஒரு வேன் பயணம்

கேஸ் அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன், பாய் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவது திண்டுக்கல் குடும்பங்களுக்குப் புதிதல்ல. சினிமாக்காரர்களின் கேரவனும் இப்போது சுற்றுலாவுக்கு வந்துவிட்டது. 2021-ல் கேரள அரசு அதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அப்படி ஒரு வண்டியில் பாலைவனம் பார்க்க நினைப்பவர்கள் ராஜஸ்தான் வரை போகத்தான் வேண்டுமா? சுமார் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம், காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் மேடு மேடாகச் செம்மணல் கிடக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தேரி என்கிறார்கள்.

போகிற வழியே ஒரு புவியியல் பாடம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பழனி மலையிலும் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று நூறு மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் சூடேறுவதால், மிச்சமிருக்கும் மேகமும் கலைந்துவிடும். கொடைக்கானல் நனைந்துகொண்டிருக்கும் ஆடி மாதத்திலும் திண்டுக்கல் சமவெளி முள்ளும் புதருமாகக் காய்ந்து கிடப்பது இதனால்தான். மதுரை தாண்டி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போனால் சாலையோரச் செம்மண் கரிசலாக மாறும். தூத்துக்குடியைக் கடந்து திருச்செந்தூர்ச் சாலையில் திரும்பி மேற்கே போனால் மண் மறுபடி சிவக்கும். இம்முறை அது மணல்.

மழைக் கணக்குப்படி தேரி பாலைவனமே அல்ல. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. தேரிகள் பழங்காலத்தில் காற்று குவித்துவிட்டுப் போன மணல்மேடுகள். மேற்கேயுள்ள செம்மண் நிலத்திலிருந்து காற்று அள்ளி வந்தது என்பது ஒரு கருத்து. கடலோர மணலே உள்ளே ஏறியது என்பது இன்னொன்று. ஒரு பிடி அள்ளிக் கசக்கினால் உள்ளங்கையில் சிவப்புப் பொடி ஒட்டும். மணிகளில் பெரும்பாலானவை குவார்ட்ஸ்தான். இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் உண்டு. அவற்றிலுள்ள இரும்பு வெயிலிலும் மழையிலும் மாறி மாறிச் சிதைந்து, ஹேமடைட் என்ற ஆக்சைடாகி ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது.

இந்த மணலின் வயதையும் கண்டிருக்கிறார்கள். புதைந்த குவார்ட்ஸ் மணி சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும். சோதனைக்கூடத்தில் அதன் மீது ஒளியைப் பாய்ச்சினால் சேர்த்ததை ஒளியாக உமிழும். அந்த அளவிலிருந்து, மணி கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று சொல்லிவிடலாம். இந்த முறையில் பார்த்தபோது, தேரி மணலின் பெரும்பகுதி சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் படிந்தது என்று தெரிந்தது.

மணலும் காற்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிவியலுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒரு வண்டிப் பயணம்தான். ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1929-லும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாது என்பது அவர் அங்கே கைகண்ட உத்தி. காற்றழுத்தம் பாதியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். மணல் எடையைத் தாங்கிக்கொள்ளும். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு கேனுக்குள் குளிரவைத்துத் திரும்ப உறிஞ்ச வைத்துத் தண்ணீரையும் மிச்சம் பிடித்தார். ஊர் திரும்பியதும் லண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துச் சோதித்து, 1941-ல் புத்தகமாக எழுதினார். மணல் தூசியைப்போல மிதந்து போவதில்லை, தாவித் தாவிப் போகிறது என்று காட்டியது அந்தப் புத்தகம். ஒரு மணி எழும்பி விழும்போது மோதும் வேகத்தில் வேறு மணிகள் துள்ளும். காற்று இரு மடங்கு வேகமானால் நகரும் மணல் சுமார் எட்டு மடங்காகும். செவ்வாய்க் கோளில் க்யூரியாசிட்டி ஊர்தி 2015-ல் எட்டிய மணல்மேடுகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆடிக்காற்றில் தேரியின் வெற்றுச் சரிவில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே சுள்ளென்று குத்தும். முகத்தில் அவ்வளவாகப் படாது. தாவும் மணிகளில் பெரும்பாலானவை அதற்கு மேல் எழும்புவதில்லை.

பனையும் முந்திரியும் உடைமரமும் வேரோடிய இடங்களில் இந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. டயரைத் தளர்த்தும் உத்தி தெரியும் என்பதற்காக வேனை மணலுக்குள் விடுவது சரியல்ல. சக்கரம் புல்லையும் வேரையும் பெயர்த்த இடத்தில் காற்று மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு வேறு. வண்டியைத் தார்ச்சாலையோரம் நிழலில் நிறுத்திவிட்டு நடப்பதே முறை. நிழல் கட்டாயம். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நின்ற மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பயனில்லை. வேனுக்குள் குழந்தையைத் தூங்கவிட்டு இறங்கவே கூடாது.

திருச்செந்தூர் அருகே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால், இத்தனை மணலுக்கு நடுவில் ஒரு சுனை. பெய்யும் மழை ஓடிப்போகாமல் மணலுக்குள் இறங்கி, அடியில் நீர் புகாத படுகையில் தேங்கி, தாழ்வான இடத்தில் வெளியே கசிகிறது.

தண்ணீர் இருந்ததால் மனிதர்களும் இருந்தார்கள். தேரிப் பகுதியிலுள்ள சாயர்புரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். ஆய்வாளர்கள் சாய்னர், ஆல்சின் இருவரும் 1956-ல் இன்னும் பல தேரிகளில் கிடைத்தவற்றை விவரித்து எழுதினார்கள். விரல் நுனி அளவே உள்ள குவார்ட்ஸ், செர்ட் சில்லுகள் அவை. கம்பிலோ எலும்பிலோ பொருத்தி வேட்டைக்குப் பயன்பட்டவை. மழைக்குப் பின் மணல் அரித்த இடத்தில் இன்றும் கண்ணில் படக்கூடும். கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் எந்த மணலடுக்கைச் சேர்ந்தது, எத்தனை ஆயிரம் ஆண்டு பழையது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியும்.