கம்ப்யூட்டரில் அடிக்கடி நீலத்திரை! "பார்மட்" போடும் முன் உஷார்!

புழல்:-

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டு இருக்கும். திடீரென்று திரை முழுவதும் நீலம்! நடுவில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. அடுத்த நிமிடம் தானாகவே அணைந்து மறுபடி உயிர் பெறும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் நீலம்!

புழல் ஆனாலும் சரி, ராயபுரம் ஆனாலும் சரி, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து இருப்பவர்கள் ஒரு நாளாவது அனுபவிக்கும் தொல்லை இது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "விண்டோஸ் போயிடுச்சு சார், பார்மட் போட்டுடலாம்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. பணமும் போகிறது. காப்பி எடுக்காமல் பார்மட் போட்டால் கல்யாண போட்டோ, கடைக் கணக்கு, பையனின் பரீட்சைக் குறிப்பு எல்லாம் சேர்ந்து போகிறது.

நாலு நாள் கழித்து பார்த்தால், மறுபடியும் அதே நீலத்திரை!

ஏன் இப்படி? காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுத்ததுதான் காரணம்.

நீலத்திரை என்பது என்ன?

நீலத்திரை ஒரு நோய் அல்ல. நோயின் அறிகுறி. சரியாகச் சொன்னால் ஒரு தற்காப்பு.

விண்டோசின் உள்மையத்தில் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று நடந்துவிட்டால், மேற்கொண்டு ஓடினால் பைல்கள் கெட்டுவிடும் என்று கம்ப்யூட்டர் தானே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. நிற்கும்போது என்ன நடந்தது என்று ஒரு குறிப்பையும் எழுதி வைக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் கவலை வேண்டாம். வாரத்துக்கு நாலு தடவை வந்தால் துப்பு துலக்கியே ஆகவேண்டும்.

பில்கேட்சையும் விடவில்லை!

இது ஏழை வீட்டு பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்க வேண்டாம்.

1998-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரில் கம்ப்யூட்டர் கண்காட்சி. மேடையில் மைக்ரோசாப்ட் அதிபர் பில்கேட்ஸ். அவர் முன்னிலையில் "விண்டோஸ் 98" செயல்விளக்கம். உதவியாளர் ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து சொருகினார். அவ்வளவுதான்! பெரிய திரை முழுவதும் நீலம். கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

புதிதாக ஒன்றைச் சொருகியதும் தகராறு. இன்று வீட்டில் நடப்பதும் பல நேரம் இதுவேதான்.

உலகமே நீலமான நாள்

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி வெள்ளிக்கிழமை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

"கிரவுட்ஸ்டிரைக்" என்ற அமெரிக்க கம்பெனி, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு சாப்ட்வேர் விற்கும் கம்பெனி. அது அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குப் புறப்பட்டது. 78 நிமிடத்தில் வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. இது மைக்ரோசாப்ட் கொடுத்த கணக்கு.

சென்னை விமான நிலையமும் தப்பவில்லை. விமானங்கள் தாமதம் ஆயின. நாட்டின் பல விமான நிலையங்களில் பயணிகளுக்கு போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

வைத்தியம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை "சேப் மோடு" முறையில் திறந்து, கோளாறான பைலை அழிப்பது. அவ்வளவுதான். அதைச் செய்ய ஊழியர்கள் ஒவ்வொரு மெஷினாகத் தேடிப் போகவேண்டி வந்தது. பார்மட் தேவைப்படவில்லை!

முதல் தகவல் அறிக்கை

போலீஸ் விசாரணைக்கு எப்.ஐ.ஆர். எப்படியோ, நீலத்திரைக்கு அதில் வரும் "ஸ்டாப் கோடு" அப்படி. திரை வந்ததும் பதறி சுவிட்சை அணைக்கக் கூடாது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தேதி, நேரம், அப்போது என்ன வேலை நடந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

"மெமரி மேனேஜ்மென்ட்" என்று வந்தால் முதல் சந்தேகம் ராம் மீது. "அன்மவுன்டபிள் பூட் வால்யூம்" என்றால் ஹார்டு டிஸ்க் மீது. "வீடியோ டி.டி.ஆர்." என்று தொடங்கினால் கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர் மீது. ".சிஸ்" என்று முடியும் பைல் பெயர் தெரிந்தால் அது பெரிய துப்பு.

சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே கோடு வந்தால் ஒரே குற்றவாளி. தடவைக்கு ஒரு கோடு வந்தால் ராம், பவர் சப்ளை போன்ற உறுப்புகளைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் "மினிடம்ப்" என்று ஒரு போல்டர் இருக்கும். கம்ப்யூட்டர் எழுதி வைத்த வாக்குமூலம் அதில் இருக்கிறது. விஷயம் தெரிந்த மெக்கானிக் அதைப் படித்துச் சொல்லிவிடுவார். பார்மட் போட்டால் அந்தத் தடயமும் அழிந்துவிடும்.

முதல் வேலை காப்பி

விசாரணைக்கு முன்பு சொத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டர் ஓடுகிற நேரத்திலேயே முக்கியமான பைல்களை வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள். சாகப்போகிற டிஸ்க் சொல்லிக்கொண்டு சாகாது.

"பிட்லாக்கர்" பூட்டு போட்ட மெஷினாக இருந்தால், அதன் 48 இலக்க சாவி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சில வேலைகளுக்குப் பிறகு அந்த எண் இல்லாமல் உள்ளே போகவே முடியாது.

கடைசியாக வந்தது யார்?

தொல்லை என்றைக்கு ஆரம்பித்தது? அதற்கு முன்பு புதிதாக என்ன சேர்த்தீர்கள்? புது பிரிண்டர், புது ராம், இரண்டாவது ஆன்டி வைரஸ், புது டிரைவர், புது அப்டேட்... கடைசியாக வந்ததை முதலில் எடுத்துப் பாருங்கள். பழைய டிரைவருக்குத் திரும்ப "ரோல் பேக்" வசதி உண்டு.

அடுத்தது சேப் மோடு. ஷிப்ட் கட்டையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், மெனு வழியாகப் போய் இதைப் பிடிக்கலாம். இதில் விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களோடு ஓடும். மணிக்கணக்கில் ஓடியும் நீலம் வரவில்லையா? குற்றவாளி அநேகமாக டிரைவர் அல்லது சாப்ட்வேர். இங்கேயும் வருகிறதா? உறுப்புகளைப் பார்க்கவேண்டும்.

ராம் சோதனை

விண்டோசிலேயே "மெமரி டயக்னாஸ்டிக்" என்ற சோதனை இருக்கிறது. காசு கிடையாது. ஆனால் ஒரு தடவை பாஸ் ஆகிவிட்டதாலேயே ராம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ராத்திரி முழுக்க ஓடவிடும் "மெம்டெஸ்ட்" சோதனை இன்னும் கறார்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றிப் போடுங்கள். எது இருக்கும்போது நீலம் வருகிறதோ, அதுதான் ஆசாமி.

கழற்றும் முன்பு பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ள வேண்டும். சில சமயம் ராமைக் கழற்றி, துடைத்து, அழுத்தமாகச் சொருகினாலே தொல்லை தீர்ந்துவிடுவது உண்டு!

வடசென்னையின் எதிரிகள்

துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடலின் உப்புக்காற்று. அதற்கு மேல் கத்தரி வெயில். மூன்றும் கம்ப்யூட்டருக்கு ஆகாதவை.

தூசி அடைத்தால் விசிறி காற்றைத் தள்ளாது. சூடு ஏறினால் மெஷின் பெரும்பாலும் சட்டென்று அணைந்துவிடும். சில சமயம் நீலத்திரையும் வரும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இணைப்புகள் துருப்பிடிக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து பிளோயரால் ஊதினாலே பாதி வியாதி போய்விடும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மேலே துணி போர்த்தி ஓட்டாதீர்கள்.

கரண்ட் ஏறி இறங்கும் வீட்டில் யு.பி.எஸ்., நல்ல எர்த் இரண்டும் கட்டாயம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஷாக் அடிக்கும்!

பார்மட் எப்போது?

டிரைவர், ராம், டிஸ்க், சூடு, கரண்ட் எல்லாம் பார்த்தாயிற்று. விண்டோசின் சொந்த பைல்களைச் சரிசெய்யும் "எஸ்.எப்.சி. ஸ்கேன்நவ்" கட்டளையும் கொடுத்தாயிற்று. அப்படியும் தீரவில்லை என்றால்தான் பார்மட். அதற்குப் பிறகும் நீலத்திரை வந்தால் சாப்ட்வேர் மீதுள்ள சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும். கோளாறு அநேகமாக உறுப்பில்தான்.

கடைக்குப் போகும்போது, "என்ன கோடு வந்தது, ராம் டெஸ்ட் பண்ணீங்களா, டிஸ்க் ஹெல்த் எவ்வளவு காட்டுது?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். உறுப்பை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். பில் வாங்குங்கள். ரிச்சி ஸ்டிரீட்டில் புதுசு வாங்கினாலும் வாரண்டி சீட்டை பத்திரமாக வையுங்கள்.

போலி நீலத்திரை!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இன்டர்நெட் பார்க்கும்போது நீலத்திரை போலவே ஒரு படம் வரும். "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று அலறும். போன் செய்தால் போச்சு! கம்ப்யூட்டரைத் தன் கைக்குள் கொண்டுவந்து, பாங்க் கணக்கைத் துடைத்துவிடுவான் மோசடி ஆசாமி.

உண்மையான நீலத்திரையில் டெலிபோன் நம்பர் இருக்கவே இருக்காது. இது ஒன்றை ஞாபகம் வைத்தால் போதும். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யவேண்டும்.

இனி கறுப்பு

2025-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் இந்தத் திரையின் நிறத்தை மாற்றியது. புதிய விண்டோஸ் 11-ல் நீலம் போய் கறுப்பு வந்துவிட்டது. சோக முகமும் போய்விட்டது. ஸ்டாப் கோடு மட்டும் போகவில்லை.

நிறம் எதுவானாலும் படித்துப் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். அதைப் படித்தவருக்கு ஒரு ராம் செலவோடு போகலாம். படிக்காதவருக்கு பத்து வருஷத்து போட்டோ போகும்!