இரவல் போன கம்ப்யூட்டர்கள்

போன வருஷம் என் கமடோர் 64-ஐ ஒரு பழைய கம்ப்யூட்டர் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தேன். வாங்க வந்தவர் காரிலிருந்து இறங்கும்போதே கையில் இரண்டு பக்கப் படிவம். வரிசை எண் என்ன, மூடியில் ஏற்கெனவே எத்தனை கீறல், பார்வையாளர்கள் கீபோர்டைத் தொடலாமா, பழுதானால் திறந்து பார்க்கலாமா, உள்ளே ஏதாவது மாற்றினால் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டுமா. நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். "நகையை அடகு வைக்கப் போனால்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டான்" என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

நான் இருப்பது கலிபோர்னியாவில், சன்னிவேலில். இந்த இரவல் பழக்கம் பிறந்த இடம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். 1975 மார்ச் 5-ஆம் தேதி மென்லோ பார்க்கில் கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் முப்பது சொச்சம் பேர் கூடி ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பை ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவர்களைக் கூட்டிவந்ததே யாருடைய சொந்தப் பெட்டியும் இல்லை. மதிப்புரை எழுதுவதற்காக ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆல்டேர் 8800. உதிரிப் பாகங்களாக வாங்கினால் 397 டாலர், நினைவகம் 256 பைட். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பத்தி அதற்குள் அடங்காது.

அடுத்த மாதம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரைக் கூட்டத்துக்குத் தூக்கிவந்தார். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு பைட்டாகச் சுவிட்சை மேலும் கீழும் தட்டித்தான் நிரலை ஏற்ற வேண்டும். பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒயரில் கால் தடுக்க, கரண்ட் போனது. ஏற்றியதெல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தட்டினார். முடித்ததும் பெட்டிமேல் ஒரு சின்ன ரேடியோவை வைத்தார். கணக்கு ஓடும்போது பெட்டி கக்குகிற இரைச்சலை ரேடியோ பிடிக்கும். நிரல் சுற்றுகிற வேகத்தை மாற்றினால் சுருதி மாறும். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் பாட்டு வந்தது. அதுவரை 'இந்தப் பெட்டியால் என்ன பிரயோஜனம்' என்று கேட்டவர்களுக்கு அதன்பின் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று பொருளைக் கொண்டுவந்து பிறர் கையில் விட்டதற்குப் பெருந்தன்மை மட்டும் காரணமில்லை. கம்ப்யூட்டர் கடை என்பதே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. வாங்கியவன் வீட்டில் பாதி சாலிடர் செய்த நிலையில் கிடக்கும் பலகையை முடித்து வைக்கத் தெரிந்தவன், இந்த மாதிரிக் கூட்டத்தில்தான் கிடைப்பான். கொடுத்தது ஒருநாள் கைமாறிப் போய், திரும்பி வரும்போது ஒரு பிழை திருந்தி வரும். சில சமயம் கூடுதலாக ஒரு மெமரி கார்டும் ஒட்டிக்கொண்டு வரும். நம் ஊரில் இரவல் என்றாலே ஒரு கூச்சம் உண்டு. இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவளுக்கு வீடு திரும்பும்வரை கை கழுத்திலேயே இருக்கும். இவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

1976 ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஹோட்டலில் ஜான் டில்க்ஸ் நடத்திய பெர்சனல் கம்ப்யூட்டிங் 76 கண்காட்சிக்கு, ஆப்பிளைத் தொடங்கிய ஜாப்ஸும் ஹோம்ப்ரூ கிளப்புக்காரரான வோஸ்னியாக்கும் ஆப்பிள்-1 பலகையோடு போனார்கள். விற்க வந்தது அது. ஆனால் வோஸ்னியாக்கின் கையில் அடுத்த கம்ப்யூட்டரின் மாதிரியும் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, அங்கிருந்த வீடியோ புரொஜக்டரில் அது வண்ணத்தில் தெரிகிறதா என்று மாட்டிப் பார்த்தார். புரொஜக்டரைக் கவனித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர்தான் பார்வையாளர். அந்த ஷோவில் பார்த்தவற்றிலேயே தான் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்குவேன் என்று அவர் சொன்னாராம். வோஸ்னியாக் பின்னாளில் ஆசையோடு திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

எட்டு மாதம் கழித்து, 1977 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் ஜிம் வாரன் நடத்திய முதல் வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேரில் அந்த அடுத்த கம்ப்யூட்டர் ஆப்பிள் II என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்தது. முழுதாகத் தயாரான பெட்டிகள் மூன்றே மூன்று. மேசைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து, சரக்கு நிறைய இருப்பதுபோல் காட்டினார்கள். வந்த கூட்டம் 12,000-க்கு மேல். கொட்டகையில் தொடங்கியது இங்கே வியாபாரமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஃபேரில் ஒரு பக்கம் சூட்டுக்காரர்கள் விற்றுக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் வீட்டில் செய்ததைத் தூக்கிவந்தவர்களும் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் இரவலால் வந்த பெரிய சண்டை இயந்திரத்தைப் பற்றியது இல்லை. 1975-ல் ஆல்டேரை ஊர் ஊராகக் காட்டிவந்த குழு பாலோ ஆல்டோவுக்கு வந்தபோது, பேசிக் என்ற நிரல்மொழி பதிந்த துளைநாடா ஒன்று யார் கைக்கோ போனது. அடுத்த கிளப் கூட்டத்துக்கு அதன் நகல்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. எடுத்துப் போகிறவர் அடுத்த முறை அதைவிட அதிகமாக நகலெடுத்துக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த பேசிக்கை எழுதியவர்களில் ஒருவரான பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் கோபமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், மென்பொருளை மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறீர்களே என்பது அவர் ஆற்றாமை.

இன்று அது தலைகீழ். அந்தக் காலத்து விளையாட்டு, பேசிக், இயங்குதளம் எல்லாம், பழைய பெட்டிபோல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் என் போனிலேயே ஓடுகின்றன. யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை. கிடைக்காதது பெட்டிதான். 1976-ல் 666 டாலர் 66 சென்ட்டுக்கு விற்ற ஆப்பிள்-1, மொத்தமே 200 வாக்கில்தான் செய்தார்கள். 2014-ல் ஒன்றை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. இந்த விலை தெரிந்தவன் எப்படி அதைப் பலகை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவான்?

ஆனாலும் வைக்கிறார்கள். செல்லம் இஸ்மாயில் 1997-ல் தொடங்கிய விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் இன்றும் நடக்கிறது; மேற்குக் கரைக்கு மவுண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், கிழக்கே நியூ ஜெர்சியில். அருங்காட்சியகத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் உறங்குகிற அதே மாடல், ஃபெஸ்டிவல் மேசையில் கரண்ட் ஏறி, பத்து வயதுப் பையன் கையில் படும். வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தனியாட்கள்.

பயம் வேறு திசையிலிருந்து வருகிறது. அன்று பெட்டி இயங்குமா என்ற பயம். இன்று இயக்கினால் என்ன ஆகும் என்ற பயம். பவர் சப்ளையில் உள்ள பழைய காகித கெப்பாசிட்டர், ஈரம் உள்ளே இறங்கி வெடிப்பு விட்டிருக்கும். கரண்ட் கொடுத்த பத்து நிமிஷத்தில் நாற்றத்தோடு புகையும். அமிகா கம்ப்யூட்டரின் சில மாடல்களில் பலகையிலேயே பற்ற வைத்த பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது என்று பெராக்சைடு தடவி வெள்ளையாக்குபவர்கள் உண்டு; எனக்கு அந்த மஞ்சளே பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பழுதுபார்ப்பதைப் பற்றிய மாற்றம். முன்பு இரவல் வாங்கினவன் திறந்து ஒரு கெட்ட இணைப்பைச் சரிசெய்து கொடுத்தால், ஆள் கைராசிக்காரன் என்று அடுத்த முறையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இப்போது அதே வேலையைக் கேட்காமல் செய்தால் உறவு முறிந்துவிடும். தொழிற்சாலையில் போட்ட கெப்பாசிட்டர் கெட்டுப்போயிருந்தாலும் அது 'ஒரிஜினல்'. புதிது மாட்டினால் இயந்திரம் ஓடும், ஏலத்தில் விலை இறங்கும்.

என் கமடோர் அவ்வளவு மதிப்பானது இல்லை. 1999-ல் ஒரு கராஜ் சேலில் 15 டாலருக்கு வாங்கினேன். அதன் உயிர்க்கண்டம் பவர் சப்ளையில் இருக்கிறது: செங்கல் மாதிரி கனம், உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. ஒருநாள் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் கைவிட்டால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் அதற்கு மேல் ஏறி, மெமரி சில்லுகளைச் சுட்டுவிடும். படிவத்தில் 'திறக்கலாமா' என்ற இடத்தில் 'திறக்கலாம்' என்று எழுதினேன். வந்தவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குளியல் துண்டில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஷோ முடிந்து மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டு. இரண்டாம் நாள் மதியம் பவர் சப்ளை கை வைக்க முடியாத சூடு. உடனே பிடுங்கிவிட்டு எங்களுடையதை மாட்டி ஓட்டினோம். உங்களுடையதைத் தனியாகக் கட்டியிருக்கிறோம், தயவுசெய்து செருகாதீர்கள். அடியில் அவர்களுடைய பவர் சப்ளை, புதிதாகச் செய்தது, ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. மறதியில் வந்துவிட்டது என்று நினைத்துப் போன் செய்தேன். இல்லை, வேண்டுமென்றேதான் வைத்தோம், அடுத்த ஷோவரைக்கும் உங்களிடமே இருக்கட்டும் என்றார்.

அதற்குப் படிவம் ஏதும் அனுப்பவில்லை.